துறைமுகமும் ஒரு தமிழரும்

கொற்கையின் புகழ் மங்கிய பின், பாண்டி நாட்டின் முத்துக்கும் உப்புக்கும் பருத்திக்கும் கடல் வாயிலாக நின்ற ஊர் தூத்துக்குடி. போர்த்துகீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் அடுத்தடுத்து இத்துறையைத் தம் வயமாக்கினர். இத்துறையில் நம்மவர் கப்பல் நிற்க வேண்டும் என்று எண்ணித் தம் வாழ்வையே அதற்கு விலையாகக் கொடுத்தவர் வ. உ. சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழர் என அவரை நாம் அறிவோம். கப்பலை மட்டும் நினைந்து, துறையையும் அதில் உழைத்த மக்களையும் மறந்தால், அவரைப் பாதியே அறிந்தவர்கள் ஆவோம்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையைப் போலவே தாமும் வழக்கறிஞரானார். 1900ஆம் ஆண்டில் தொழில் நடத்தத் தூத்துக்குடிக்கு வந்தார்.

அக்காலத் துறைமுகம் இன்று நாம் காண்பது போன்றதன்று. கரையோரக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையை அணுக முடியாமல் சில மைல்களுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுப் பொதிகளையும் மூட்டைகளையும் தொழிலாளர் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தோணிகளில் ஏற்ற, அத்தோணிகள் அலையோடு போராடிக் கப்பலைச் சென்றடையும். கொழும்புக்குச் செல்வோரும் அவ்வாறே படகேறிச் சென்றனர். சுமப்பவரும் தோணி செலுத்துபவரும் நம்மவர். கப்பலும் அதன் கட்டணமும் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்கு உரியவை. இந்த முரண்பாடே சிதம்பரனாரின் நெஞ்சைத் தைத்தது.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கினார். முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. வெள்ளையர் நெருக்குதலால் வாடகைக் கப்பலும் கிடைக்காமற் போகவே, சொந்தக் கப்பல் வாங்குவதென உறுதி பூண்டு சிதம்பரனார் பம்பாய் சென்றார். 1907இல் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தபோது ஊரே கடற்கரையில் திரண்டது. லாவோ என்னும் மற்றொன்றும் வந்து சேர்ந்தது.

போட்டி மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், பயணிக்கு ஒரு குடை தருவதாகவும் அறிவித்தது. பெருமுதல் உடையவரால் நட்டத்தை நெடுநாள் தாங்க முடியும். சிறு பங்குகளால் எழுந்த நிறுவனத்தால் முடியுமோ?

இந்நிலையிலும் சிதம்பரனார் கரையை மறக்கவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்து வந்தனர். வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சுப்பிரமணிய சிவாவுடன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஊரார் உதவியால் வேலைநிறுத்தம் வென்றது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. ஆலைக்கு உரிய ஹார்வி கம்பெனியே எதிரிக் கப்பலுக்கும் முகவராக இருந்தது என்பதை நோக்கினால், கடலிலும் கரையிலும் அவர் நடத்தியது ஒரே போராட்டம் என்பது விளங்கும்.

மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். கம்பெனியில் ஒரு பங்கும் இல்லாத ஏழைகள் தம் அன்றாடக் கூலியை இழந்து அவருக்காக நின்றனர்.

ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது நாற்பது ஆண்டுகள், விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் கோவைச் சிறையில் வழக்கறிஞர் கைகள் செக்கிழுத்தன. அவர் சிறையில் இருக்கையிலேயே 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ, அந்தக் கம்பெனிக்கே கப்பல் விற்கப்பட்டது. கல்லும் கரையும் செய்தியன்றோ இது!

1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறுகடை வைத்துப் பிழைத்தார். அந்த வறுமையிலும் தமிழை விடவில்லை. இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை கண்டார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமையை மீண்டும் பெற்றபோது, நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

காலம் தன் கடனைத் தாமதமாகத் தீர்த்தது. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டு, கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கும் புதிய துறைமுகம் உருவானது. 1974 ஜூலை 11ஆம் நாள் அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாயிற்று. 2011ஆம் ஆண்டு முதல் அது வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவ நண்பர்களே! ஒரு நல்ல முயற்சியைத் தொடங்கும்போது கைதட்டுவோர் பலர். அது தடுமாறும்போது தோள் கொடுப்போர் சிலர். கப்பலை விற்றவர்களின் பெயர்களை இன்று எவரும் நினைப்பதில்லை. கூலியை இழந்து நின்றவர்களின் பெயர்களோ நமக்குக் கிடைக்கவேயில்லை. துறைமுக வாயிலில் சிதம்பரனாரின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரற்றவர்களையும் சேர்த்து நினைப்போம். அதுவே அவர் விரும்பியிருக்கக் கூடிய அஞ்சலி.