வால் எலும்பிலிருந்து ஒரு பெயர்: இந்தியாவின் முதல் டைனோசரை அடையாளம் கண்ட லைடெக்கர்

இந்தியாவில் கிடைத்த டைனோசர் ஒன்றுக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டிய ரிச்சர்டு லைடெக்கர், அவ்விலங்கின் தலையையோ பல்லையோ கண்டதில்லை. இரண்டு வால் முள்ளெலும்புகளும் ஒரு தொடை எலும்புமே அவருக்குக் கிடைத்த சான்றுகள்.

1849-இல் லண்டனில் பிறந்த லைடெக்கர், கேம்பிரிட்ஜில் பயின்று 1874-இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். காஷ்மீர் மலைகளை ஆராய்ந்ததோடு, முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களை வகைப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டார். அவ்வாறு அவரது ஆய்வுக்கு வந்தவையே ஜபல்பூர் குன்று ஒன்றில் 1828-இல் ராணுவ அதிகாரி வில்லியம் ஸ்லீமன் கண்டெடுத்த முள்ளெலும்புகள். டைனோசர் என்ற சொல்லே 1842-இல்தான் உருவானது என்பதால், அவை ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெயரின்றிக் கிடந்ததில் வியப்பில்லை.

அம்முள்ளெலும்புகளின் முன்புறம் கிண்ணம்போல் குழிந்தும், பின்புறம் பந்துபோல் புடைத்தும் இருந்தன. ஒன்றின் புடைப்பு, அடுத்ததன் குழிவுக்குள் பொருந்தும் அமைப்பு அது. இதனைத் தனி அடையாளமாகக் கொண்டு, 1877-இல் அவ்விலங்குக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டார்.

தந்தையின் மறைவுக்குப் பின் இங்கிலாந்து திரும்பிய அவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் புதைபடிவ ஊர்வனவற்றுக்கு 1888 முதல் 1890 வரை நான்கு பகுதிகளாக அட்டவணை தயாரித்தார். 1893-இல் அர்ஜென்டினாவின் படகோனியா எலும்புகளிலும் அதே குழிவும் புடைப்பும் இருப்பதைக் கண்டு, அவற்றையும் இப்பேரினத்திலேயே சேர்த்தார். கண்டங்கள் நகர்ந்தன என்ற கருத்தை வெகெனர் முன்வைத்தது 1912-இல்தான். 1915 ஏப்ரல் 16-இல் லைடெக்கர் காலமானார்.

பின்னர் இதே அமைப்பு பல நாடுகளின் டைனோசர்களில் காணப்பட்டது. ஓர் இனத்துக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்டது, பெருங்குழு ஒன்றின் பொதுப்பண்பாகிவிட்டது. ஆகவே, இரு வால் எலும்புகளைக் கொண்டு டைட்டனோசாரஸைத் தனிப் பேரினமாகப் பிரித்தறிய இயலாது என ஜெஃப்ரி வில்சன், பால் அப்சர்ச் ஆகியோர் 2003-இல் முடிவு செய்தனர். ஆயினும் டைட்டனோசர் என்ற குழுப்பெயர் நீடிக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸும் முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்டு, இன்று இக்குழுவிலேயே வைத்துப் பேசப்படுகிறது. அதன் எலும்புகளோ சிதைந்துபோயின.

லைடெக்கர் ஆராய்ந்த எலும்புகளும் நெடுங்காலம் காணாமற்போயிருந்தன. கொல்கத்தாவில் உள்ள புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பிலிருந்து அவ்விரு முள்ளெலும்புகளுள் ஒன்று 2012-இல் மீண்டும் கண்டறியப்பட்டது.