தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்

பழைய இராமநாதபுர மாவட்டம் 1985ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிக்கப்படும் வரையில் மிகப் பரந்ததொரு நிலப்பகுதியாக விளங்கியது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்த கரிசற் பூமி அதன் மேற்கே கிடந்தது. வணிகர்களின் பெருமனைகள் நிறைந்த தேவகோட்டை அதன் வடபால் இருந்தது. மழை வளம் குன்றிய சிவகாசியில் 1923ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழில் தோன்றிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1926இல், தேவகோட்டையில் நகரத்தார் குடியொன்றில் இராமநாதன் என்னும் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டுச் சிறுவர்களின் உறக்கத்தைக் கெடுத்த தமிழ்வாணன் அக்குழந்தையே ஆவார்.

அக்குடியிற் பிறந்தோர் பருமாவுக்கும் மலேயாவுக்கும் சென்று பொருள் ஈட்டுதல் வழக்கம். இராமநாதனோ எழுத்தின்மீது ஆர்வங்கொண்டார். ‘கிராம ஊழியன்’ என்னும் இதழில் இளமையிலேயே பணியாற்றினார். தமிழ்வாணன் என்னும் பெயரை அவருக்கு இட்டவர் திரு.வி. கலியாணசுந்தரனார் என்பர். பின்னர் அவர் சென்னைக்குச் சென்று சிறுவர் இதழ்த் துறையிற் புகுந்தார். அது சிறுவர்க்கெனப் புதிய இதழ்கள் பல முளைத்த காலம். ‘அம்புலிமாமா’ 1947இல் தோன்றியது. அடுத்த ஆண்டில் ‘கல்கண்டு’ தொடங்கப்பெற்றது. அதற்கு ஆசிரியராக அமர்ந்தபோது தமிழ்வாணனுக்கு வயது இருபத்திரண்டே. தம் வாழ்நாளின் இறுதி வரையில் அவர் அவ்விதழை விட்டு நீங்கவில்லை.

துப்பறியும் கதை தமிழுக்குப் புதியதன்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு முதலியோர் அத்தகைய நாவல்களை முன்னரே எழுதிக் குவித்திருந்தனர். ஆயினும், அவை பெரியோர்க்கென எழுதப்பட்டவை, நடையும் நீண்டது, கதையும் பலவிடங்களிற் சிறுவர்க்கு ஏலாதது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே எடுத்துத் தானே படித்து முடிக்கத்தக்க மருமக் கதைகள் அந்நாளில் மிகச் சிலவே. அந்த இடத்தைத் தமிழ்வாணன் கண்டுகொண்டார்.

அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லால். இலண்டன் மாநகரத்து செர்லாக் ஓம்சு என்பாருக்குப் புகைக்குழாய் எத்தகையதோ, சங்கர்லாலுக்குத் தேநீர் அத்தகையது. சிக்கல் முற்றும்போதெல்லாம் அவர் தேநீர் அருந்துவார். சிந்தனையும் உடனே தெளிவுபெறும். இந்திரா என்னும் மனைவியும், மாது, கத்தரிக்காய் என்னும் உதவியாளரும் அவருடைய கதைகளில் இடம்பெறுவர். கத்தரிக்காய் என்று ஒருவர்க்குப் பெயர் என்றவுடனேயே பிள்ளைகளின் அச்சம் பாதி நீங்கிச் சிரிப்புத் தோன்றிவிடும். கதை சென்னையில் தொடங்கும். கடல் கடந்த நகரங்களுக்கும் தாவும். வாக்கியங்களோ சிறியவை. ஆங்கிலச் சொற்களை இயன்றவரை நீக்கி எளிய தமிழிலேயே அவர் எழுதினார். ஓர் அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு திறக்கும். உள்ளே யார் என்பது அடுத்த வாரத்திலேதான் தெரியும். பட்டாசின் திரியிலே நெருப்பு வைத்துவிட்டு ஏழு நாள் காத்திருக்கச் செய்வது போன்றது அது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சங்கர்லால் தோற்பது அரிது. ஆதலின் முடிவைப் பற்றிய ஐயம் வாசகனுக்குப் பெரிதும் எழுவதில்லை. ஒரு கதையின் சாயல் மற்றொரு கதையில் தோன்றுவதும் உண்டு. இலக்கியம் அறிந்தோர் பலர் இந்நூல்களைப் பொருட்படுத்தவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் இவை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சினர். பாடநூலின் நடுவே கல்கண்டை மறைத்து வைத்துப் படிப்பதும், அகப்பட்டு அடிபடுவதும் அந்நாளைய பள்ளிகளில் வழக்கமான நிகழ்ச்சிகளாயின.

ஆயினும், அக்காலத்தின் நிலையையும் நோக்குதல் வேண்டும். விருதுநகரிற் பிறந்த காமராசர் 1954இல் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின; 1956 முதல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவிற்று. கரிசற் காட்டுச் சிற்றூர்களில், தீப்பெட்டிக் கூடுகளை ஒட்டியும் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கியும் கூலி பெற்ற குடும்பங்களிலிருந்து, முதன்முறையாகப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். அவர்கள் இல்லங்களில் புத்தகம் என்று ஒன்று இருந்ததில்லை. பாடநூலை மூடியபின் அவர்கள் எதைப் படிப்பது? கற்ற எழுத்து, பயன்படாமற் போயின் சில ஆண்டுகளிலேயே மறந்துபோகும். அத்தகைய பிள்ளைகளின் கைக்கு எட்டியவற்றுள் கல்கண்டும் ஒன்று. கிளை நூலகத்திலோ, முடிதிருத்தும் கடையின் பலகையிலோ கிடந்த பழைய இதழ் பத்துப் பேர் கைமாறிக் கிழியும் வரையில் படிக்கப்பட்டது. கதைக்காக அதனைத் திறந்தவர்கள் ஊடே அச்சிட்டிருந்த துணுக்குச் செய்திகளையும் கேள்வி பதில்களையும் விட்டுவைக்கவில்லை. உலகத்தின் செய்திகள் பலவற்றை அவர்கள் முதலில் அறிந்தது அவ்வழியிலேதான்.

‘துணிவே துணை’ என்னும் தொடரைத் தமிழ்வாணன் தம் இலச்சினையாகக் கொண்டார். தலையில் தொப்பியும் கண்களில் கறுப்புக் கண்ணாடியும் அணிந்தே அவர் வெளியில் தோன்றுவார். முகத்தை வரையாமல் அவ்விரண்டை மட்டும் வரைந்தாலே பிள்ளைகள் அவரை அறிந்துகொண்டனர். பெயரும் முகவரியும் இன்றி, தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் வரைந்து அஞ்சலிட்ட கடிதம் அவரிடம் தவறாது சேர்ந்தது என்று சொல்லப்படுவதுண்டு. மருத்துவம், கைரேகை, முன்னேற்ற வழிகள் எனக் கதைக்குப் புறம்பான பல பொருள்களைப் பற்றியும் அவர் எழுதினார். தம் துணைவியார் மணிமேகலையின் பெயரால் மணிமேகலைப் பிரசுரத்தை நிறுவினார்.

அவருடைய துணிவு எல்லா இடங்களிலும் பாராட்டைப் பெறவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை விடுதலை வீரனென ம.பொ. சிவஞானம் முதலியோர் போற்றிய காலத்தில், அவனைக் கொள்ளைக்காரன் என்று கூறித் தமிழ்வாணன் ஒரு நூல் எழுதினார். கடுஞ்சினம் எழுந்தது. நாட்டுக்காகத் தூக்குக் கயிற்றை ஏற்றவனை அங்ஙனம் எழுதியது பொருந்தாது என்பதே பலர் கருத்து. துப்பறியும் கதையில் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிது. வரலாற்றில் அது அத்துணை எளிதன்று.

இதற்கிடையில் சிவகாசியின் அச்சுத்தொழில் வளர்ந்தோங்கியிருந்தது. தீப்பெட்டிச் சீட்டுகளும் நாட்காட்டிகளும் அச்சிட்ட அந்நகரிலிருந்து 1972ஆம் ஆண்டில் ‘முத்து காமிக்ஸ்’ என்னும் படக்கதை வரிசை வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு இரும்புக்கை மாயாவியின் கதை. ஆங்கில நாட்டுப் படக்கதை வீரனாகிய அம்மாயாவி கரிசற் பூமியிலிருந்து தமிழ்பேசிப் புறப்பட்டான். மருமக் கதைக்கு வாரந்தோறும் ஏங்கப் பழகிய சிறுவர் கூட்டம் ஒன்று அவனுக்காக முன்னரே ஆயத்தமாயிருந்தது. அக்கூட்டத்தை உருவாக்கியவர்களுள் தமிழ்வாணன் முதன்மையானவர்.

1977ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தமிழ்வாணன் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அவர் மைந்தர் லேனா தமிழ்வாணன் கல்கண்டின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். தந்தையார் எழுதிய சங்கர்லாலின் கதைகள் மணிமேகலைப் பிரசுரத்தின் வாயிலாக மீண்டும் மீண்டும் அச்சேறின. அவற்றைப் பள்ளியில் ஒளித்துப் படித்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அவற்றை வெளிப்படையாகவே வாங்கிக் கொடுத்தனர்.