சட்டமும் தொண்டும்

நுழையும்முன்

நாட்டை ஆளும் பொறுப்பு அரசுக்கு உரியது; பொருளை ஈட்டிப் பெருக்குவது வணிகத்தின் பணி. இவ்விரண்டின் கைகளும் எட்டாத இடத்தில் துயருறுவோர்க்குத் துணை நிற்பவை, ஆதாயம் கருதாத தொண்டு நிறுவனங்கள். அத்தகைய நிறுவனங்கள் இரண்டை உருவாக்கியவர் மருத்துவர் முத்துலெட்சுமி.

கல்வியும் சட்டமன்றமும்

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி, ஆண்களே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து பயின்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோவில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க அங்கு அயராது வாதாடினார். 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார்.

ஔவை இல்லம்

சட்டம் ஒரு கொடுமையைத் தடுக்கலாம். ஆனால், அக்கொடுமையிலிருந்து தப்பி வரும் சிறுமிக்கு அன்றிரவே உணவும் உறைவிடமும் வேண்டும். தேவதாசி முறையிலிருந்து விலகிய சிறுமியர் முத்துலெட்சுமியை நாடி வந்தபோது, விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். அம்முயற்சியே 1930இல் ஔவை இல்லமாக மலர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் முழுவதும் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அதுவரை காத்திருக்க இயலாத சிறுமியர்க்கு அவ்வில்லம் தாய்வீடாக விளங்கியது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை

தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட முத்துலெட்சுமி, அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்க உறுதிபூண்டார். அன்று தென்னிந்தியாவில் அத்தகைய மருத்துவமனை இல்லை. நெடுநாள் சிகிச்சை தேவைப்படும் ஏழை நோயாளியிடம் வணிகம் பெறக்கூடிய ஆதாயமும் இல்லை. எனவே, இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அவருடைய மகனான மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், மருத்துவர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

நிலைத்த பணி

முத்துலெட்சுமி அரசைக் குறைகூறி ஒதுங்கியவர் அல்லர். சட்டத்தால் ஆவதைச் சட்டமன்றத்தில் கேட்டார். சட்டத்தால் ஆகாததைத் தாமே செய்தார். 1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968இல் அவர் மறைந்தார். ஔவை இல்லத்தில் இன்றும் பெண்குழந்தைகள் பயில்கின்றனர். அடையாறு மருத்துவமனையை இன்றும் ஏழை நோயாளிகள் நம்பி வருகின்றனர்.