ரத்தக்குழாய்க்குத் தையல் போட்டவர்!

குழந்தைகளே! கிழிந்த சட்டையை அம்மா ஊசி நூலால் தைத்துத் தருவார். உடம்புக்குள் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால்? அதையும் தைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்தான் அலெக்சிஸ் காரல்.

பிரான்ஸ் நாட்டில், லியோன் நகரை அடுத்த ஓர் ஊரில் 1873-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று காரல் பிறந்தார். தந்தை பட்டு வணிகர். காரலுக்கு ஐந்து வயதானபோது தந்தை இறந்துவிட, தாயாரே அவரை வளர்த்து ஆளாக்கினார். காரல் லியோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார்.

1894-ஆம் ஆண்டு ஜூன் மாதம். பிரான்ஸ் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகருக்கு வந்திருந்தார். அப்போது ஒருவன் அவரைக் கத்தியால் குத்திவிட்டான். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அறுபட்டது. சிறந்த மருத்துவர்கள் அருகில் இருந்தும், அறுபட்ட குழாயைச் சரி செய்ய அவர்களுக்கு வழி தெரியவில்லை. தலைவர் உயிர் பிரிந்தது.

அந்தக் காலத்தில் கையிலோ காலிலோ தமனி அறுந்தால் மருத்துவர்கள் நூலால் இறுகக் கட்டிவிடுவார்கள். ரத்தம் கொட்டுவது நிற்கும். ஆனால் கட்டுக்குக் கீழே ரத்தம் போகாது. பலருக்குக் கையையோ காலையோ வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும்.

அறுந்த குழாயை மீண்டும் இணைக்க முடியாதா? இந்தக் கேள்வி இளம் காரலைத் தூங்கவிடவில்லை. அதற்கு முதலில் நன்றாகத் தைக்கக் கற்க வேண்டும் அல்லவா? பட்டுத் துணிக்குப் புகழ்பெற்ற நகரம் லியோன். அங்கே பூவேலைத் தையலில் கைதேர்ந்த லெருதியே என்னும் அம்மையாரிடம் சென்று பாடம் கற்றார். டாக்டருக்குப் படித்தவர் தையல் கற்பதா என்று அவர் வெட்கப்படவில்லை!

ரத்தக்குழாயைத் தைப்பதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. குழாய் மெல்லியது, வட்டமானது. ஊசி மறுபக்கச் சுவரையும் சேர்த்துக் குத்திவிடும். இன்னொன்று, தையல் சொரசொரப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

காரல் கண்ட வழி எளிமையானது. சைக்கிள் வால்வு டியூப்பின் வாயை மூன்று இடங்களில் பிடித்து இழுத்துப் பாருங்கள். வட்டம் முக்கோணமாகிவிடும்! அதுபோல, இரு குழாய்களின் விளிம்புகளையும் மூன்று தையல்களால் சேர்த்து இழுத்துப் பிடித்தார். இப்போது தைக்க வேண்டியவை மூன்று நேர்க்கோடுகள் மட்டுமே. மிக நுண்ணிய ஊசியையும் வாசலின் தடவிய பட்டு நூலையும் பயன்படுத்தினார். 1902-இல் தம் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்.

லியோனில் அவர் எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை. 1904-இல் கடல் கடந்து கனடா சென்றார். பிறகு அமெரிக்காவின் சிகாகோ நகரில் சார்லஸ் கத்ரி என்பவருடன் சேர்ந்து ஆய்வுகள் செய்தார். 1906-இல் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

1908-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்து சில நாள்களே ஆன ஒரு பெண் குழந்தைக்கு ரத்தக் கசிவு நிற்கவேயில்லை. உயிர் பிழைக்க உடனே ரத்தம் வேண்டும். இப்போது போல ரத்த வங்கிகள் அன்று கிடையா. தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காலில் உள்ள நூல் போன்ற சிரையோடு இணைத்துத் தைத்தார் காரல். தந்தையின் ரத்தம் மகளின் உடலுக்குள் நேராகப் பாய்ந்தது. வெளுத்துக் கிடந்த குழந்தை பிழைத்துக்கொண்டது!

1912-இல் காரலுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 39. உடன் உழைத்த கத்ரிக்குப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை. முதல் உலகப் போரின்போது ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து, காயங்களைச் சீழ்பிடிக்காமல் கழுவும் முறையைக் காரல் உருவாக்கினார்.

ஆனால் கெட்டிக்காரர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. 1935-இல் வெளிவந்த தம் நூலில், மனிதரில் சிலர் உயர்ந்தவர், சிலர் வாழத் தகுதியற்றவர் என்ற கொடிய கருத்தைக் காரல் எழுதினார். அதனால் அவர் புகழுக்குக் களங்கம் ஏற்பட்டது. லியோன் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குச் சூட்டியிருந்த அவர் பெயரை 1996-இல் மாற்றிவிட்டார்கள். 1944-ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று பாரிஸ் நகரில் காரல் காலமானார்.

அவர் கண்ட முறை உடனே எங்கும் பரவிவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் தமனி கட்டப்பட்ட வீரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கையையோ காலையோ இழந்தனர். 1950-இல் தொடங்கிய கொரியப் போரில் அமெரிக்க மருத்துவர்கள் தமனியைத் தைத்துச் சரிசெய்தனர். அப்போது அந்த இழப்பு நூற்றுக்குப் பதின்மூன்றாகக் குறைந்தது.

இன்று மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும் சிறுவர்களுக்கு முழங்கைக்கு மேலே எலும்பு முறிவதுண்டு. சில சமயம் எலும்பின் முனை அருகிலுள்ள தமனியை நசுக்கிவிடும் அல்லது கிழித்துவிடும். கை குளிர்ந்து வெளுத்துப்போகும். மணிக்கட்டில் நாடித்துடிப்பு தெரியாது. மருத்துவர்கள் முதலில் எலும்பைச் சரியாகப் பொருத்துவார்கள். பலருக்கு அதிலேயே துடிப்பு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் தமனியைத் திறந்து தைப்பார்கள். ஒரு துண்டே சிதைந்திருந்தால், காலிலிருந்து ஒரு சிரைத் துண்டை எடுத்துப் பொருத்துவார்கள். சிரைக்குள் ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் உண்டு. அதனால் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள்.

குழந்தைகளுக்கு இன்னொரு தனிக் கவனிப்பும் உண்டு. ஒரே நூலால் சுற்றித் தைத்தால், குழந்தை வளரும்போது அந்த இடம் விரியாமல் குறுகிவிடும். அதனால் தனித்தனி முடிச்சுகளாகப் போடுவார்கள். குழந்தையோடு தமனியும் வளரும்!

இதற்கெல்லாம் நேரம் முக்கியம். ஆகவே அடிபட்ட கை குளிர்ந்தாலோ மரத்துப்போனாலோ மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். திட்டு விழுமே என்று பயந்து வலியை மறைக்காதீர்கள். கையைவிடத் திட்டு பெரிதில்லை!