ராக் இசையின் ஞானத்தாய்



ராக் இசையைத் தொடங்கி வைத்தவர் யார் என்று கேட்டால், உங்களில் பலர் எல்விஸ் பிரெஸ்லி என்பீர்கள். இன்னும் கொஞ்சம் கேட்டுப் பழகியவர்கள் சக் பெர்ரி என்பீர்கள். ஆனால் எல்விஸ் மூன்று வயதுக் குழந்தையாகவும், சக் பெர்ரி பன்னிரண்டு வயதுப் பையனாகவும் இருந்த 1938-லேயே, நியூயார்க்கில் ஒரு பெண் கையில் கிடாருடன் தன் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்துவிட்டார். அவற்றில் ஒரு பாட்டின் தலைப்பிலேயே 'ராக்' என்ற சொல் இருந்தது. அவர் பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ராக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் என் கட்சி இதுதான்: இந்த இசையின் கதையை இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஏன் என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

ரொசெட்டா 1915 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் கேட்டி பெல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர், மாண்டலின் வாசிப்பார். அவர்கள் சேர்ந்திருந்த சபையில் வழிபாடு என்றால் கைதட்டல், ஆட்டம், தாளக் கருவிகள் எல்லாம் உண்டு. அந்தச் சூழலில் ஆறு வயதுக்குள்ளாகவே ரொசெட்டா கிடாரோடு மேடை ஏறிவிட்டார். பிறகு தாயும் மகளும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்களின் புளூஸ் இசை அந்த நகரத்தில் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. கோயில் பாட்டும் தெருப் பாட்டும் ஒரே காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை அவர்.

1934-இல் ஒரு போதகரை மணந்தார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. கணவரின் தோர்ப் என்ற பெயரை ஓர் எழுத்து மாற்றித் தன் மேடைப் பெயராக்கிக்கொண்டு, 1938-இல் நியூயார்க் போனார். அங்கே டெக்கா நிறுவனம் அவர் பாட்டைப் பதிவு செய்தது. காட்டன் கிளப் என்ற புகழ்பெற்ற இரவு விடுதியில் பாடினார். அதே டிசம்பரில் கார்னகி ஹால் மேடையிலும் ஏறினார். அப்போது வயது 23.

இங்கேதான் சிக்கல் வந்தது. சாமி பாட்டை மது பரிமாறும் இடத்தில் பாடலாமா என்று சபை மக்கள் கொதித்தார்கள். நம் ஊரிலும் எந்த இசை எந்த மேடையில் என்ற சண்டை புதிதல்ல, உங்களுக்குத் தெரியும். ரொசெட்டா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஞாயிறு காலை சபை, சனி இரவு விடுதி என்று இரண்டிலும் பாடினார். அதற்கான விலையை வாழ்நாள் முழுதும் கொடுத்தார்.

1944-இல் பியானோ, பாஸ், டிரம்ஸ் சேர்த்து அவர் பதிவு செய்த ஒரு பக்திப் பாட்டு, அடுத்த ஆண்டு கறுப்பின இசைக்கென்று பில்போர்டு வெளியிட்ட பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதைக் கேட்டால் துள்ளும் தாளம் உடனே காதில் விழும். ஒரு வரி அவர் பாடுவார். அடுத்த வரியைக் கிடார் பதிலாகப் பாடும். பத்து ஆண்டு கழித்து உலகம் ராக் அண்ட் ரோல் என்று கொண்டாடியதில் பெரும்பகுதி அந்த மூன்று நிமிடத்துக்குள் இருக்கிறது.

செல்வாக்கு என்பது எப்படிக் கைமாறும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். 1947-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், தன் பாட்டைப் பாடிக் காட்டிய 14 வயதுப் பையனை அவர் அன்றைய நிகழ்ச்சியிலேயே மேடையேற்றி, கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட். பின்னாளில் எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவினர், அதற்கு முன் ரொசெட்டாவுடன் ஊர் ஊராகச் சென்று பாடியவர்கள். அவர்கள் வெள்ளையர்கள். தென் மாநில விடுதிகள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு அறை கிடைக்காத காலம் அது. பயணப் பேருந்தே ரொசெட்டாவுக்குப் படுக்கையறை.

1951-இல் வாஷிங்டனின் கிரிஃபித் விளையாட்டரங்கில் டிக்கெட் போட்டுத் தன் திருமணத்தையே கச்சேரியாக நடத்தினார். இருபதாயிரம் பேருக்குக் குறையாது என்பார்கள். மணப்பெண் உடையிலேயே கிடார் வாசித்தார், வாணவேடிக்கையும் இருந்தது. ஆனால் அதே காலத்தில் புளூஸ் பாட்டுகள் பதிவு செய்ததால் பக்தி ரசிகர்கள் விலகினார்கள். 1950களின் நடுவில் ராக் அலை எழுந்தபோது அவருக்கு வயது நாற்பது. அலை இளைஞர்களைத் தூக்கிக்கொண்டு போனது. அவரைக் கரையில் விட்டது.

ஐரோப்பா அவரைக் கைவிடவில்லை. 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காகக் கச்சேரி. ஒரு நடைமேடையில் ரசிகர்கள், எதிர் நடைமேடையில் அவர். மழை கொட்டியது. கோட்டு அணிந்து, வெள்ளை மின்சார கிடாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய ஒரு பாட்டையே எடுத்துவிட்டார். 49 வயதுப் பெண்மணி அன்று வாசித்த வாசிப்பை இன்றும் இணையத்தில் பார்க்கலாம்.

1970-இல் பக்கவாதம் வந்தது. சர்க்கரை நோயால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்படியும் பாடுவதை நிறுத்தவில்லை. 1973 அக்டோபர் 9 அன்று ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். வயது 58. முப்பது ஆண்டுக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. 2008-இல் ரசிகர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிய பிறகுதான் கல் வைக்கப்பட்டது.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-இல் முதல் பட்டியலை வெளியிட்டபோது எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் மூவரும் அதில் இருந்தார்கள். ரொசெட்டா சேர்க்கப்பட்டது 2018-இல். இதில் கற்றுக்கொண்டவர்களைக் குறை சொல்ல முடியாது. லிட்டில் ரிச்சர்டும் ஜானி கேஷும் தாங்கள் யாரைக் கேட்டு வளர்ந்தோம் என்பதை வெளிப்படையாகவே சொன்னவர்கள். கிடாரும் கையுமாக ஓர் ஆண் நின்றால்தான் அது ராக் என்று நினைத்துப் பழகிய நாம்தான் கேட்கத் தவறினோம்.

நம் பிளாக்குகளில் கிடார் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வார இறுதியில் அந்த மான்செஸ்டர் கச்சேரியை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். இரவு பத்து மணிக்கு முன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களும் கோபிக்க மாட்டார்கள்.