ஒடுங்கிய நாடியைத் திறந்த குறுன்சிக்

இருதயத்தின் தசைகளுக்குக் குருதியை வழங்குபவை முடியுரு நாடிகள். அவை கொழுப்புப் படிவினால் ஒடுங்கும்போது தசை நலிகின்றது. முற்றாக அடைபட்டால் தசையின் ஒரு பகுதி மடிகின்றது. எஞ்சிய தசையால் உடலுக்கு வேண்டிய குருதியை உந்த இயலாத நிலையே இருதயச் செயலிழப்பு. இவ்வடைப்பை நெஞ்சைப் பிளக்காது நீக்க வழிகண்டவர் வைத்தியர் அன்றியாஸ் குறுன்சிக்.

1939 யூன் 25இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிற் பிறந்த அவர், உலகப்போரில் தந்தையை இழந்தார். கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்தவர், பேர்லின் மதில் எழுமுன்னரே மேற்கிற்குத் தப்பிச்சென்று, ஹைடெல்பேர்க்கில் மருத்துவம் கற்று 1964இல் பட்டம் பெற்றார். 1969இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பணியேற்றார்.

அமெரிக்க வைத்தியரான சார்ள்ஸ் டொற்றர் 1964இல் காலின் நாடியைக் குழாய் செலுத்தி விரித்திருந்தார். அக்குழாயின் நுனியிற் சிறு பலூனைப் பொருத்த முனைந்தார் குறுன்சிக். பகலில் வைத்தியசாலைப் பணி. இரவில் வீட்டுச் சமையலறை மேசையே அவரது ஆய்வுகூடம். 1974இல் கால் நாடியில் வெற்றி கிட்டியது. ஆயினும், 1976இல் நாய்களிற் செய்த இருதயச் சோதனைகளை அமெரிக்காவில் அவர் முன்வைத்தபோது, மூத்த வைத்தியர் பலர் ஐயுற்றனர்.

1977 செப்டெம்பர் 16ஆம் நாள் சூரிச்சில், விழித்திருந்த 38 வயது நோயாளி ஒருவரின் முடியுரு நாடியுட் பலூனைச் செலுத்தி விரித்தார். நெஞ்சுவலி நீங்கியது. பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அந்நாடி திறந்தே இருந்தது. தமது முறையை மறைத்து வைக்காத குறுன்சிக், பிறநாட்டு வைத்தியர்களை அழைத்து, தாம் சிகிச்சை செய்வதை நேரிற் காணச் செய்தார்.

1980இல் அமெரிக்காவின் அற்லான்ரா நகருக்குப் பெயர்ந்த அவர், 1985 ஒக்ரோபர் 27இல், தாமே ஓட்டிச்சென்ற விமானம் வீழ்ந்து மனைவியுடன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 46. மறு ஆண்டே, விரித்த நாடி மீண்டும் ஒடுங்காது தாங்கும் உலோக வலைக்குழாய் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

மாரடைப்பு நேர்ந்த வேளையில் விரைந்து நாடியைத் திறப்பது தசையையும் உயிரையும் காக்கின்றது. ஆயினும் மடிந்த தசையை எப்பலூனும் உயிர்ப்பிக்காது. ஏற்கனவே இருதயம் பெரிதும் நலிந்தோரிடையே, மருந்துகளுடன் இச்சிகிச்சையையும் சேர்ப்பதால் ஆயுள் நீளவில்லை என 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. ஆகவே அத்தகையோர் மாத்திரைகளை இடைநிறுத்தலாகாது. நெஞ்சுவலி கண்டோர் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.