வேகத்தை வென்ற விவசாயி



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் யூனியன் செயலாளர் கேட்டதும் ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். காமராஜரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, கலாமைப் பற்றி எழுத நாலு பேர் இருக்கிறார்கள். நாம் யாரை எழுதுவது? கடைசியில், நாலு மாதமாக ராத்திரி தவறாமல் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெயர் ஜிம் கிளார்க். நாடு ஸ்காட்லாந்து. தொழில்? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இறந்தவர் எப்படித் தோற்கடிப்பார் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

மேஜையில் ஒரு மோன்சா

நான் மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல். வண்டி என்றால் எனக்கு உயிர். சொந்தமாகக் கார் வாங்க வசதி இல்லை. ஆசைக்குக் குறைச்சல் இல்லை. பெரியப்பா மகன் ஒரு பழைய கேம் ஸ்டீயரிங்கை விலைக்கு வாங்கி மேஜையில் முடுக்கி வைத்திருக்கிறான். கீழே மூன்று பெடல். கம்ப்யூட்டரில் அசெட்டோ கோர்சா. இத்தாலிக்காரர்கள் 2014-இல் வெளியிட்ட கேம் இது. சுவரில் மோதி, பறந்து, பிறகும் ஓடுகிற விளையாட்டுக் கார் கிடையாது. ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு எடை விழுகிறது, எவ்வளவு வழுக்குகிறது என்று வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்குப் போட்டு, அதை ஸ்டீயரிங்கில் உள்ள மோட்டார் வழியாக நம் கைக்கே சொல்லும்.

அதில் 1967-ஆம் ஆண்டின் லோட்டஸ் 49 காரை எடுத்தேன். இத்தாலியின் மோன்சா பந்தயப் பாதை, 1960-களில் இருந்த வடிவத்தில். சும்மா சொல்லக் கூடாது, டைட்டில் போடுவதற்குள் படம் முடிந்த கதைதான்! முதல் வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. அடுத்த முறை பிரேக்கை அழுத்தினேன், சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் புல்லுக்குப் போனது. நம் ஊர்ச் சின்னக் காருக்கு 65, 70 குதிரைத் திறன் இருக்கும். இந்தக் காருக்கு ஏறக்குறைய 400. எடையோ சுமார் 500 கிலோதான். காரை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கை இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, கிளட்ச் போட்டுக் கையால் கியர் மாற்ற வேண்டும்.

இதைப் போய் ஒரு மனுஷன் நிஜமாகவே ஓட்டினானா? ஓட்டியிருக்கிறார். 1967 மோன்சாவில் கிளார்க் எடுத்த அதிவேகச் சுற்று 1 நிமிடம் 28.5 வினாடி. நாலு மாதம் முட்டி மோதி நான் எட்டியது 1 நிமிடம் 31. அந்த இரண்டரை வினாடியைத் தேடிப் போனபோதுதான் அவருடைய வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

ஆட்டுப் பண்ணையிலிருந்து

1936-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கில்மனி என்ற சிற்றூரில் பிறந்தார். நான்கு அக்காள்களுக்குப் பிறகு ஒரே தம்பி. அவருக்கு ஆறு வயதாகும்போது குடும்பம் சர்ன்சைடு அருகே உள்ள எடிங்டன் மெயின்ஸ் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. 16 வயதில் படிப்பை விட்டுவிட்டுப் பண்ணை வேலைக்கு வந்தார். ஆடு வளர்ப்பு, வயல், டிராக்டர், இதுதான் உலகம். ரேஸ் ஓட்டுவதில் வீட்டாருக்குத் துளியும் விருப்பம் இல்லை.

1956-இல் நண்பர் ஒருவரின் டி.கே.டபிள்யூ. காரை வாங்கி முதல் பந்தயம் ஓட்டினார். 1958 டிசம்பரில் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் லோட்டஸ் எலீட் கார் ஓட்டி இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? அந்தக் காரையே உருவாக்கிய காலின் சாப்மன்! தன்னை விரட்டிக்கொண்டே வந்த கூச்ச சுபாவமுள்ள பையனை சாப்மன் மறக்கவில்லை. 1960-இல் லோட்டஸ் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய கிளார்க், சாகும்வரை ஃபார்முலா ஒன்னில் வேறு அணிக்குப் போகவே இல்லை.

இரண்டு கறுப்பு நாட்கள்

அந்தக் காலத்து ரேஸ் என்பது பாதி போர்க்களம். சீட் பெல்ட் கிடையாது. பாதையின் ஓரத்தில் மரம், கம்பம், பள்ளம். 1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் நடந்த பந்தயத்தில் இரண்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஆலன் ஸ்டேசி, கிளார்க்கின் அணித் தோழர். கிளார்க்குக்கு அன்று ஐந்தாம் இடம், உலகப் போட்டியில் அவர் பெற்ற முதல் புள்ளிகள். எப்படி மகிழ்வார்? அந்தப் பாதையையே அவர் வெறுத்தார்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 10. இதே மோன்சா. இரண்டாவது சுற்றில் வான் டிரிப்ஸ் என்ற ஜெர்மன் வீரரின் ஃபெராரியும் கிளார்க்கின் லோட்டஸும் உரசிக்கொண்டன. ஃபெராரி கூட்டத்தின் பக்கம் பாய்ந்தது. வான் டிரிப்ஸும் பார்வையாளர்கள் 15 பேரும் மடிந்தார்கள். கிளார்க்குக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த விபத்தும் அதன் மீதான விசாரணையும் வருடக்கணக்கில் அவரைத் துரத்தின.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேமில் நேரம் குறையக் குறைய எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒரு மழைநாள் காலை, அப்பாவின் பைக். பின்னால் என் ரூம்மேட். வளைவு வந்ததும் ராத்திரி விளையாடிய ஞாபகத்தில் அவுட்டர் பிடித்து உள்ளே சாய்த்தேன். ரோட்டில் மணல். அவ்வளவுதான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு, அந்த செமஸ்டர் பிராக்டிகல் போச்சு. கேமில் மோதினால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், கார் புத்தம் புதிதாகத் தொடக்கக் கோட்டில் நிற்கும். அவன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பட்டனும் இல்லை, நண்பர்களே. மோன்சா 1961-ஐப் படித்த ராத்திரி நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

ஒரு போல்ட்டின் விலை

1962-இல் சாப்மன் லோட்டஸ் 25-ஐக் கொண்டுவந்தார். குழாய்களைப் பற்றவைத்துச் செய்த பழைய சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, விமான உடல் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த கூடு. மோனோகாக் என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிறோமே, அதுவேதான். காரில் டிரைவர் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டே ஓட்டுவார்.

அந்த ஆண்டு டிசம்பர் 29, தென்னாப்பிரிக்காவில் கடைசிப் பந்தயம். கிளார்க் முன்னணியில். ஜெயித்தால் உலகச் சாம்பியன். இன்னும் இருபது சுற்று சொச்சம் இருக்கும்போது காரிலிருந்து புகை! எஞ்சினில் ஒரு சின்ன போல்ட் கழன்று விழுந்து, எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டது. பட்டம் கிரஹாம் ஹில்லுக்குப் போனது. ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டை முடுக்கிவிட்டு இன்னொரு தரம் சரிபார்க்கச் சோம்பல்படும் நண்பர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

1963-இல் பத்துப் பந்தயங்களில் ஏழு வெற்றி, உலகச் சாம்பியன். அவர் வெறுத்த அதே ஸ்பாவில் அந்த ஆண்டு பேய்மழை. கியர் நழுவிக்கொண்டே இருந்ததால் ஒரு கையால் கியர் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, இரண்டாவது வந்தவரைவிட ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னதாக முடித்தார். 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டும் ஸ்பாவில் வென்றது அவர்தான். பிடிக்காத பாடத்தில் சென்டம்!

1964-இல் மறுபடியும் விதி விளையாடியது. மெக்சிகோவில் கடைசிப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் எண்ணெய் ஒழுகி எஞ்சின் இறுகிப்போக, பட்டம் ஜான் சர்ட்டீஸுக்குப் போனது. 1965-இல் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார். மொனாக்கோ பந்தயத்தை விட்டுவிட்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500-க்குப் போனார். அங்கே எஞ்சின் முன்னால் இருக்கும் பெரிய கார்கள்தான் ராஜா. எஞ்சின் பின்னால் இருந்த லோட்டஸில் 200 சுற்றுகளில் 190 சுற்று முன்னணியில் ஓடி ஜெயித்தார். பின் எஞ்சின் கார் அங்கே வென்றது அதுவே முதல் தடவை. அதே ஆண்டு ஃபார்முலா ஒன்னில் ஆறு வெற்றி, இரண்டாவது உலகப் பட்டம்.

மென்மையே வேகம்

இவரிடம் அப்படி என்னதான் ரகசியம்? காரின் மேல் அவர் காட்டிய இரக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்களைவிட அவருடைய பிரேக்கும் டயரும் குறைவாகவே தேய்ந்திருக்கும். பிரேக்கைச் சட்டென்று விடமாட்டார். வளைவுக்குள் ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். அதனால் எடை முன் சக்கரத்தில் நின்று, கார் முரண்டு பிடிக்காமல் திரும்பும்.

கேமில் இதைச் செய்து பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடித்தவரை 1 நிமிடம் 34-தான். ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியைத் தளர்த்தி, பிரேக்கை மெதுவாக விட ஆரம்பித்ததும் 33, 32, 31 என்று இறங்கியது. மெதுவாக ஓட்டுவதாகத்தான் எனக்குத் தோன்றியது. கடிகாரம் வேறு சொன்னது. சத்தியமாக, வகுப்பில் விளங்காத எடைப் பெயர்ச்சியும் உராய்வும் அந்த மேஜையில்தான் எனக்கு விளங்கின.

இத்தனைக்கும் காரை விட்டு இறங்கினால் அவர் நகம் கடிக்கும் மனிதர். சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்கத் தடுமாறுவாராம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் சந்தேகமே இல்லை.

ஒரு சுற்று பின்னாலிருந்து

1967-இல் வந்தது லோட்டஸ் 49. காஸ்வொர்த் தயாரித்த 3 லிட்டர் வி8 எஞ்சினே காரின் பின்பாதிச் சட்டம். பின் சஸ்பென்ஷன் அதில்தான் தொங்கியது. டி.எஃப்.வி. என்ற அந்த எஞ்சின் குடும்பம் 1983 வரை 150-க்கும் மேற்பட்ட கிராண்ட் பிரீ வெற்றிகளைத் தந்தது. முதல் வெற்றி, நெதர்லாந்தின் சாண்ட்ஃபோர்ட்டில் கிளார்க் தந்தது. அந்தக் காரை அதற்கு முன் அவர் ஓட்டிப் பார்த்ததுகூட இல்லை!

அடுத்து செப்டம்பர் 10, மோன்சா. முன்னணியில் இருந்தவருக்கு டயர் பஞ்சர். மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு முழுச் சுற்று போய்விட்டது. மொத்தம் 68 சுற்று. வேறு யாராக இருந்தாலும் கையைத் தூக்கியிருப்பார்கள். கிளார்க் ஒவ்வொருவராகத் தாண்டி, இழந்த சுற்றை முழுதாக மீட்டு, மறுபடியும் முதலிடத்துக்கே வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் பெட்ரோல் சரியாக ஏறாமல் எஞ்சின் திணறி, மூன்றாவதாகத்தான் முடித்தார். அவர் ஜெயித்த 25 பந்தயங்களும் ஒரு தட்டு, தோற்ற இந்த ஒன்று மறு தட்டு என்பேன் நான்.

மரங்களின் நடுவே

1968 ஜனவரி 1-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் தன் 25-ஆவது வெற்றியைப் பெற்று, ஃபாங்கியோவின் 24 என்ற சாதனையைத் தாண்டினார். ஓட்டியது 72 பந்தயங்கள்தான். அதுவே கடைசி கிராண்ட் பிரீ என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். சாதாரண ஃபார்முலா டூ பந்தயம். ஈரப் பாதை. பக்கத்தில் வேறு கார் எதுவும் இல்லை. அதிவேகப் பகுதியில் கார் திடீரென்று விலகிக் காட்டுக்குள் பாய்ந்து மரத்தில் மோதியது. பின் டயரில் காற்று இறங்கியிருக்கும் என்பதே பெரும்பாலோர் நம்பும் காரணம். வயது 32. மரங்களுக்கு முன்னால் ஒரு தடுப்புகூட இல்லை. அத்தனை மென்மையான கைகளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருக்கே இப்படி என்றால் நமக்கு என்ன உத்தரவாதம் என்று சக வீரர்கள் நடுங்கினார்கள். பந்தயப் பாதைகளைப் பாதுகாப்பாக்க அவருடைய நண்பர் ஜாக்கி ஸ்டூவர்ட் அதன் பிறகு வருடக்கணக்கில் போராடினார். எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

ஆரம்பத்தில் ஒரு கேள்வியைப் பாக்கி வைத்தேன் அல்லவா? கிளார்க்கின் தொழில் என்ன? சர்ன்சைடு ஊரில் உள்ள அவருடைய கல்லறையில் பதில் இருக்கிறது. உலகச் சாம்பியன் என்பதெல்லாம் பிறகுதான் வருகிறது. முதலில் பொறித்திருப்பது விவசாயி என்று! பக்கத்து ஊரான டன்ஸில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. 2019-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அங்கே போய்வர வேண்டும்.

நண்பர்களே! வேகத்தை நேசிப்பது தப்பில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு அந்த மேஜை போதும். ரோட்டில் இப்போது 40-க்கு மேல் போவதில்லை. மழை பெய்தால் அதுவும் இல்லை. மாவுக்கட்டு பிரித்த என் ரூம்மேட்தான் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறிக்கிறான். இந்தக் கட்டுரையில் தன் கதையையும் எழுதச் சொன்னவன் அவனே.

நேற்று 1 நிமிடம் 30.8. இன்னும் 2.3 வினாடி பாக்கி. பிடியை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.